பிறந்த தேதி: மேற்படி

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது துணிக்கொடி. அதில் மெரூன் நிறப் பனியன்கள் வரிசையாகத் தொங்கின. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணினேன், பதினொன்று. திரும்ப எண்ணினேன், அதே பதினொன்று. பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். காணாமல் போனது ஏழாம் எண். அது உள்ளே ஹாலில், பாயில் குப்புறப் படுத்திருந்த ஒருத்தியின் உடம்பில் இருந்தது. முந்தின மாலை துவைத்துப் போட்டதை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே முதுகைக் காட்டினாள்.

"தொட்டுப் பாரு, காஞ்சிடுச்சு. உடம்பு சூட்டுல ஜல்தியா காயும்."

தொட்டுப் பார்த்தேன். பனியன் காய்ந்துதான் இருந்தது. பாய் ஈரமாக இருந்தது.

அவளை எல்லோரும் ரைடர் என்றே கூப்பிட்டோம். இரவு ஜெபத்தில் சிஸ்டர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லும்போதுதான் அவளுக்கு வேறு பெயர் இருப்பது எங்களுக்கு நினைவு வரும். கபடியில் எதிர்ப்பக்கம் பாடிப் போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்பி வருகிற வேலை அவளுடையது. அந்த வேலையை அவள் சோற்று வரிசையிலும் செய்வாள்.

எங்கள் இல்லம் திண்டிவனத்தில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. நாற்பத்து நான்கு பெண் பிள்ளைகள், நான்கு சிஸ்டர்கள். வெறுமனே சிஸ்டர் என்றால் அது தலைமை சிஸ்டர். மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அப்போது நான் எட்டாம் வகுப்பு. எனக்கு வயது பதிமூன்று. அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு கபடிக் குழு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் எங்களுக்குக் காலை பத்து மணிக்கு ஆட்டம். விதி ஒன்றே ஒன்று: போட்டி நாளன்று பதினான்கு முடிந்திருக்கக் கூடாது.

ரைடருக்கு இந்தப் போட்டி வேண்டியிருந்ததற்குக் காரணம் கோப்பை இல்லை. அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற கோச் ஒருவர் பார்க்க வருவதாக பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். விடுதியில் சேர்ந்தால் தினமும் இரண்டு வேளை பயிற்சி, முட்டை, பால், கோடு போட்ட தனிக் களம். போன ஆண்டு இதே போட்டிக்கு முந்தின வாரம் ரைடருக்கு அம்மை போட்டுவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வேன் போவதைப் பார்த்தாள். வருகிற டிசம்பரில் அவளுக்குப் பதினான்கு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு இந்தப் பிரிவில் ஆட முடியாது. ஆகவே வெற்றி தோல்வி அவளுக்கு இரண்டாம் பட்சம். கோச்சின் கண் முன்னால் களத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் நான் உலை வைத்திருந்தேன்.

அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். களத்தில் ஆடுவது ஏழு பேர், மற்ற ஐந்து பேர் மாற்று ஆட்கள். அந்த ஐந்தில் நான் கடைசி. என்னை அணியில் வைத்திருந்ததற்கு என் கையெழுத்து காரணம். விண்ணப்பங்கள் எழுத ஆள் வேண்டும். வியாழக்கிழமை மதியம் மிஸ் படிவத்தைக் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, பாதுகாவலர், மூன்று கட்டம். பன்னிரண்டு வரி. மூன்று பேர் வெளியிலிருந்து பள்ளிக்கு வருகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தனித்தனித் தேதி, தனித்தனி அப்பா. அதை ஒழுங்காக எழுதினேன். மீதி ஒன்பது பேர் இல்லத்துப் பிள்ளைகள். நாலாவது வரியில் 'டிசம்பர் 25' என்று ஆண்டோடு முழுதாக எழுதி, பாதுகாவலர் கட்டத்தில் சிஸ்டரின் பெயரை எழுதினேன். ஐந்தாவது வரியில் 'மேற்படி' என்று எழுதினேன். ஆறாவது வரியில் அதற்கும் சோம்பல் வந்து, இரண்டு சின்னக் கோடு போட்டேன். அந்தக் கோடுகளை அப்படியே பன்னிரண்டாவது வரிவரை இறக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. மழை பெய்வது போல.

ஒன்பது பேருக்கும் ஒரே பிறந்த நாள் என்பதில் எங்களுக்கு வியப்பு எதுவும் இல்லை. எங்கே பிறந்தோம், எப்போது பிறந்தோம் என்ற விவரம் இல்லாமல்தான் நாங்கள் இல்லத்துக்கு வந்தோம். பள்ளியில் சேர்க்கத் தேதி வேண்டும். யாரும் மறக்க முடியாத தேதியாக சிஸ்டர் கிறிஸ்துமஸைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்றைக்கு எப்படியும் கேக் உண்டு, கோழி பிரியாணி உண்டு, புதுத் துணி உண்டு. கணக்கு சரிதான். எங்களுக்குத்தான் ஒரு குறை இருந்தது. மாதா கோயில் மணி, குடில், வாணவேடிக்கை எல்லாம் நடக்கும், ஆனால் ஊர் முழுக்க வேறு ஒருவரின் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருக்கும். பூசை முடிந்ததும் சிஸ்டர் "பர்த்டே பிள்ளைங்க லைன்ல வாங்க" என்பார். பாதி இல்லம் லைனில் நிற்கும்.

மற்றபடி ஆண்டு முழுக்க நாங்கள் பிறந்த நாள் பாட்டு பாடிக்கொண்டுதான் இருந்தோம். ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாள் என்றாலும் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவருவார்கள். டாக்டர் மகன், அரிசி மில்காரர் பேத்தி, வங்கியில் வேலை பார்க்கிறவரின் இரட்டையர். உயர வரிசைப்படி நின்று கை தட்டிப் பாடுவோம். நாங்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்கள் வேறு: சாம்பார் பர்த்டே, குஸ்கா பர்த்டே, பிரியாணி பர்த்டே. கோட்டக்குப்பத்திலிருந்து வருகிற பாய் வீட்டு பர்த்டேதான் எல்லாவற்றுக்கும் மேலே. அந்தப் பிள்ளையின் அப்பா துபாயிலிருந்து வீடியோ காலில் எங்கள் தட்டை எட்டிப் பார்த்து, "பீஸ் வந்துச்சாம்மா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். அந்தப் பாட்டை மட்டும் இரண்டு முறை பாடுவோம்.

ஒன்பது பத்துக்கு விழுப்புரத்தில் மைதானத்தை அடைந்தோம். மண் களம், முந்தின நாள் மழையில் நன்றாக இறுகியிருந்தது. சுண்ணாம்புக் கோடு புதிது. களத்தின் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மா. நீல டிராக் சூட், தொப்பி, காலடியில் பிளாஸ்க். "அவங்கதான் கோச்சு. ஒரு மணிக்கு ரயிலாம்" என்றார் மிஸ். ரைடர் அந்த அம்மாவின் பார்வை படும் இடமாகப் பார்த்து நின்று, தேவையில்லாமல் ஆறு முறை குனிந்து நிமிர்ந்தாள்.

ஷாமியானாவுக்குக் கீழே வயதைச் சரிபார்க்கிற மேசை. அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். கழுத்தில் விசில், பையில் நான்கு பேனா, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. எங்கள் படிவத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றினார்.

"யாரும்மா இதை எழுதுனது?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் விசிலைப் பார்த்தேன்.

"பொறந்த தேதிக்கு யாராச்சும் மேற்படி போடுவாங்களா? இன்னா இது, மளிகை லிஸ்டா?"

"எல்லாருக்கும் ஒரே தேதிங்க சார்" என்றார் மிஸ்.

"எத்தினி பேருக்கு?"

"ஒம்போது பேருக்கு."

"பாதுகாவலரு?"

"அதுவும் மேற்படிதாங்க சார்."

அந்த நேரத்தில் எங்களோடு ஆட வேண்டிய அணியின் மாஸ்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வளவனூர் பக்கத்துப் பள்ளி. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே ஆட்சேபம் தெரிந்தது.

"சார், நானும் ரொம்ப வருசமா டீமு கூட்டிக்கினு வர்றேன். ரெட்டைப் புள்ளைங்கள பாத்துருக்கேன். ஒம்போது பாத்ததில்ல. அதுவும் கரெக்டா பாருங்க, இன்னும் ரெண்டு மாசத்துல பதினாலாம். ஒருத்திக்காச்சும் ஜூன், ஜூலைனு வரக்கூடாதா?"

அவருடைய பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி படிவத்தை எட்டிப் படித்துவிட்டுக் கத்தினாள்.

"ஏய், ஒரே அம்மாவுக்கு ஒம்போதாம்டீ! ஒரே நாள்ல! அந்தம்மா யாருனு பாரு, சிஸ்டராம்!"

"ஆமா" என்றாள் ரைடர். "எங்கம்மா பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ்ல போவல, வேன்ல போச்சு. உனக்கு இன்னாடி?"

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மிஸ் பையிலிருந்து ஒன்பது ஆதார் நகல்களை எடுத்து வைத்தார். மேசை சார் அவற்றைச் சீட்டுக்கட்டு போல விரித்தார். ஒன்பதிலும் டிசம்பர் 25.

"இது அதவிட மோசமா இருக்கே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை நேராக்கி வைத்து, மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆட்சேபம் வந்துடுச்சும்மா. இனிமே நான் சும்மா கையெழுத்து போட முடியாது. இந்தத் தேதி எங்கேர்ந்து வந்துச்சுனு ஒரிஜினல் எதாச்சும் இருக்கும்ல? அதைக் கொண்டாங்க. போன்ல போட்டோ அனுப்பற வேலை வேணாம். பதினொன்னரை வரைக்கும் உங்க ஆட்டத்தைத் தள்ளி வெக்கிறேன். அதுக்கு மேல அவங்களுக்கு வாக்ஓவர்."

மிஸ் சிஸ்டருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் சிஸ்டரின் குரல் கணீரென்று வந்தது.

"அட்மிஷன் ரிஜிஸ்டரா? மிஸ், அது பீரோவ விட்டு வெளிய வராது. ஆபீசருங்க வந்து கேட்டாகூட என் ரூம்லயே வெச்சுதான் காட்டுவேன். பிள்ளைங்க விஷயம் அதுல இருக்கு."

ரைடர் போனைப் பிடுங்கினாள்.

"சிஸ்டர், நான்தான். கோச்சம்மா ஒரு மணிக்கு ரயிலுக்குப் போயிடுவாங்களாம் சிஸ்டர்."

 போனில் பிரஷர் குக்கர் விசில் ஒன்று கேட்டது. இரண்டாவது கேட்டது.

"பனியன் காஞ்சிதா?" என்றார் சிஸ்டர்.

"காஞ்சிடுச்சு சிஸ்டர்."

"வர்றேன்."

அப்போது மணி ஒன்பது நாற்பத்தெட்டு. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பஸ் உடனே கிடைத்தால்.

காத்திருந்த நேரத்தில் நடந்தவை: வேறு இரண்டு ஆட்டங்கள் முடிந்தன. கோச் பிளாஸ்க்கிலிருந்து இரண்டு முறை டீ குடித்தார். எங்கள் அணியின் பெருமுக்கல் ஊர்ப் பிள்ளை, வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி, அவள் அம்மா வேகவைத்துக் கொடுத்த மல்லாட்டையைப் பிரித்தாள். ரைடர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றபடி, கடலைத் தோலை என் மடியில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"எட்டு வாட்டி 'டிசம்பர் 25'னு எழுதினா உன் கை தேஞ்சிடுமா?"

"எழுதியிருந்தாலும் ஒரே தேதிதான?"

"அப்ப பரவால்ல. கிழவரு ஒன்னொன்னா படிக்கறதுக்குள்ள தூங்கியிருப்பாரு. நீ மேற்படி போட்டு, பேஜார் பண்ணி வெச்சிட்ட." இன்னொன்றை உடைத்தாள். "இன்னிக்கி நான் மட்டும் ஆடல, உன் பரீட்சை பேப்பர் பூரா நானும் மேற்படி போடுவேன்."

பதினொன்று இருபத்தாறுக்கு மைதான வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. வெள்ளை அங்கி, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. சிஸ்டருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. "டோல்கேட்ல நிறுத்திட்டான்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பெரிய நோட்டை எடுத்தார். பச்சைத் துணி அட்டை, ஓரத்தில் சிவப்பு. நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே கட்டடத்தில் இருந்தும் நான் பார்க்காத நோட்டு அது.

"சார் மட்டும் பாருங்க" என்றார் சிஸ்டர். "பிள்ளைங்களுக்குக் காட்டறதில்ல."

"நான் மட்டும்தாம்மா" என்று மேசை சார் உறுதி கொடுத்தார். ஆனால் அவருக்கு மனத்துக்குள் படிக்கிற பழக்கம் இல்லை. சிஸ்டர் காட்டிய முதல் பக்கத்தைத் திறந்ததும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"மாதா கோயில் வாசல், செருப்பு விடும் இடம். பெண். சுமார் ஒரு வயது. மஞ்சள் துண்டு."

எங்கள் இடது கார்னரில் ஆடுகிறவள் அது.  பக்கத்திலிருந்தவள் அவள் தோளில் அடித்தாள். "செருப்பு விடற எடமா! அதான் டெய்லி என் செருப்பையே மாட்டிக்கினு போற."

"ஷ்ஷ்" என்றார் சிஸ்டர்.

"விழுப்புரம் ரயில் நிலையம், பெண்கள் காத்திருக்கும் அறை. சுமார் ஒன்றரை வயது. காலில் கொலுசு, ஒன்று மட்டும்."

"நான் ஜங்ஷன்டீ!" அந்தப் பிள்ளைக்கு முகம் பூரித்துவிட்டது. "நீங்கல்லாம் கோயிலு, பஸ் ஸ்டாண்டு. நான் ஜங்ஷன்!"

சிஸ்டர் நோட்டின் மேல் கையை வைத்தார். மேசை சார் கையை நகர்த்திவிட்டுப் படித்தார். அவருக்கு ருசி பிடித்துவிட்டது. வளவனூர்ப் பிள்ளைகளும் அசையாமல் நின்றார்கள். இரட்டைச் சடைக்காரி, "அப்புறம்?" என்றாள்.

"திண்டிவனம் பேருந்து நிலையம். சுமார் மூன்று வயது. கையில் பாதி பன். பிடிக்க வந்த பெண் காவலரிடமிருந்து மூன்று முறை தப்பி ஓடியது. நான்காம் முறை கடித்தது."

எல்லோரும் ரைடரைப் பார்த்தோம். யாருடைய வரி அது என்று அவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. மாஸ்டரின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "அப்பவே மூணு பாயிண்டா?" என்றார்.

ரைடர் மிகவும் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அது இன்னா பன்னு? கிரீம் பன்னா, சாதா பன்னா?"

"சாதா பன்தான்" என்றார் சிஸ்டர். கொஞ்சம் யோசித்து, "அதைக் கடைசி வரைக்கும் நீ யாருக்கும் குடுக்கல" என்றார்.

இப்படி எட்டுப் பேர் முடிந்தது. எட்டிலும் 'சுமார்'. எட்டிலும் பல்லைப் பார்த்து வயது சொன்ன டாக்டரின் கையெழுத்து. மேசை சார் ஒன்பதாவது பக்கத்தைப் புரட்டினார். அது என் பக்கம். அதில் குண்டூசியால் ஒரு சீட்டுக் குத்தப்பட்டிருந்தது. பழுத்த தாள், ஆஸ்பத்திரி முத்திரை. அவர் கண்ணாடிகளை மறுபடி மாற்றிக்கொண்டார்.

"பெண். ரெண்டு கிலோ நானூறு. காலை நாலு ஐம்பது." நிறுத்தினார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்குத் தேதி இருக்குதே?"

சிஸ்டர் நோட்டை மூடப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது.

"ஆகஸ்ட்னு போட்டுருக்கு. ஆகஸ்டுல பதினாலு முடிஞ்சிடுச்சு. நீங்க டிசம்பர்னு எழுதியிருக்கீங்க?"

தேதியை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் என் ஆதார் அட்டைக்கும் எனக்கும் தகராறு வரும். இன்று செய்தித்தாளில் மற்றவர்களின் தேதிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருப்பவளுக்கு அது நல்லதில்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். என்னிடம் சொன்னார்.

"உன்னை ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அதனால சீட்டு இருந்துச்சு. மூணு வருசம் ஆகஸ்டுலதான் உனக்கு கேக் வெச்சேன். நாலாவது வருசம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் பர்த்டே லைன்ல நிக்கும்போது உன்னை மட்டும் கூப்பிடலைனு தரையில உருண்டு அழுத. குடிலுல இருந்த ஆட்டுக்குட்டிய எடுத்து அடிச்ச. சரி, நீயும் வானு லைன்ல விட்டேன். ஸ்கூல்ல சேர்க்கும்போது லைன்ல நின்ன எல்லாருக்கும் ஒரே தேதி குடுத்துட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. குடிலில் ஆட்டுக்குட்டிக்கு ஒரு காது இல்லாதது நினைவிருக்கிறது.

என் அணி என்னை ஒரு மாதிரி பார்த்தது. "பணக்காரிடீ இவ" என்றாள் ஜங்ஷன். "சொந்தமா தேதி வெச்சுக்கினு நம்ம கேக்க தின்னுக்கினு இருந்துருக்கா."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கோபமாக இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. "சார், அப்ப மத்ததெல்லாம் சுமார். சுமார்னா பதினாலு தாண்டியும் இருக்கலாம்ல? இன்னா பண்றது?"

மேசை சார் பேனாவை எடுத்தார். இந்த இடத்தில் மைதானத்துச் சத்தம் எல்லாம் கேட்டது. ஐஸ் வண்டி மணி, யாரோ எங்கோ எண்ணுகிற சத்தம். ரைடர் பனியனின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"சந்தேகம் எட்டுப் பேருக்கு இருக்கு" என்றார் மேசை சார் நிதானமாக. "சந்தேகத்துக்கு டாக்டரு கையெழுத்து போட்டுருக்காரு. நான் அவருக்கு மேல பல்லு பாத்தவன் இல்ல. எட்டுப் பேரும் ஆடட்டும். சந்தேகமே இல்லாதது ஒருத்திக்குத்தான்." பன்னிரண்டாவது வரியைக் கண்டுபிடித்தார். "அவ ஆட முடியாது."

"அவ பரவால்ல சார்!" என்றாள் ரைடர், அவர் வாயை மூடுவதற்குள். "அவ எப்பவும் ஆட மாட்டா."

என் வரியில் இருந்த இரண்டு சின்னக் கோடுகளின் மேல் அவர் ஒரு நீளக் கோடு இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. வா, ஸ்கோர் எழுது. மேற்படி போட்ட, ஒதைப்பேன்" என்றார்.

ஆட்டம் பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தொடங்கியது. களத்தை நான் அதுவரை எங்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன். மேசையிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் தெரிந்தது. வளவனூர் அணி எங்களைவிட நன்றாக ஆடியது. அவர்கள் மூன்று பேர் கை கோத்து ஒரே சமயத்தில் பாய்வார்கள், எங்களுடையவர்கள் பாய்வதற்கு முன் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இடைவேளையில் அவர்கள் பத்தொன்பது, நாங்கள் பதினொன்று.

இரண்டாம் பாதியில் ரைடர் ஒரு முறை பாடிப் போனாள். இரட்டைச் சடைக்காரி கணுக்காலைப் பிடித்துவிட்டாள், இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். ரைடர் தரையில் ஊர்ந்து, ஏழாம் எண் தெரியாத அளவுக்கு மண்ணைப் பூசிக்கொண்டு, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். மூன்று புள்ளி. களத்தின் ஓரத்தில் சிஸ்டர் கட்டைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினார்: "கடிக்காத! கடிக்காத!"

முடிவு: அவர்கள் முப்பத்தொன்று, நாங்கள் இருபத்தெட்டு. ரைடர் தனியாக எடுத்தது பதினான்கு. எண்களை நானே எழுதினேன், ஒவ்வொன்றையும் முழுதாக.

கோச் ரைடரைக் கூப்பிட்டார். கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார், திரும்பி நிற்கச் சொன்னார், தோள் அகலத்தைக் கையால் அளந்தார்.

"வயசு என்னம்மா?"

ரைடர் மிஸ்ஸைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். மேசையில் இருந்த என்னையும் பார்த்தாள்.

"டிசம்பர் வந்தா பதினாலு" என்றாள். "சுமார்."

கோச் சிரித்துவிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கைப்பையிலிருந்த சின்ன டைரியில் எழுதிக்கொண்டு, ஆட்டோவில் ஏறினார்.

திரும்பி வரும் வழியில் வேனில் இரண்டு விஷயங்கள் விவாதிக்கப்பட்டன. ஒன்று, இனி வருகிற கிறிஸ்துமஸில் நான் லைனில் நிற்கலாமா. நிற்கலாம், ஆனால் கடைசியில் என்று முடிவானது. கடைசியில் நின்றால் கேக்கில் ஐசிங் இருக்காது. இரண்டாவது, எந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது உயர்ந்தது என்பது. விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜங்ஷன் முன்னிலையில் இருந்தாள். பிறகு, ஆளைக் கடித்துவிட்டு வந்ததுதான் உயர்ந்தது என்று ரைடர் வாதாடி ஜெயித்தாள். முன் இருக்கையில் சிஸ்டர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவதுபோல இருந்தார். தோள் குலுங்கியதை வைத்து அவர் தூங்கவில்லை என்று தெரிந்தது.

ஏப்ரலில் விளையாட்டு விடுதியிலிருந்து தபால் வந்தது. பட்டியலில் ரைடரின் பெயர் மூன்றாவது. சிஸ்டர் அவளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு துண்டும் வாங்கிக் கொடுத்தார். ஏழாம் எண் பனியனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மிஸ் கேட்டார். அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றாள். பெட்டியின் அடியில் இருந்தது, நான் பார்த்தேன்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஏழு பத்து பஸ்ஸில் அவள் போனாள். பாடிப் போக ஆள் இல்லாமல், அந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து எந்த வயதுப் பிரிவிலும் கபடிக்கு அணி போகவில்லை.